எட்னா கொட்டிய சாம்பல்

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மிளகாய் மாடியில் காய்கிறது. அய்யனார் கோவில் பக்கம் மலையில் புகை. காட்டுத்தீயாம். பார்த்ததும் ஓடிப்போய்க் கொடித் துணியை அள்ளினேன், தண்ணீர்க் குடத்தை மூடினேன். எதிர்வீட்டுச் செல்விக்கு ஒரே சிரிப்பு. "என்னக்கா, மழையா வருது?"

அவளுக்கு என்ன தெரியும். இத்தாலியில், கத்தானியாவில், எட்னா எரிமலையோடு குடித்தனம் நடத்தியவள் நான். புகை என்றால் கை தானாகப் போகிறது. சாம்பல் கொட்டும் நாளில் என் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு ஓட்டல் வேலைக்குப் போவார். பழைய ஊர். சர்ச், சந்தை, வீடு எல்லாம் அந்த மலை கக்கிய கறுப்புக் கல். நடுவில் ஒரு கறுப்பு யானைச் சிலை. எவ்வளவு அழகு!

சோப்பு. சீரகம். கேஸ் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வசந்தி போன். அங்கே எங்கள் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண். "அக்கா, மலை வெடிச்சுக்கொண்டிருக்கு. ரோட்டெல்லாம் கறுப்பு மண்."

பழகிய மலையின் சேதி கேட்டு முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாமல். பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரருடைய கபர் மேலும் சாம்பல் விழுந்திருக்குமே. மாரடைப்பில் போனவரை அங்கேயே அடக்கினோம். அது அவர் சொல்லிவைத்தது. நான் இருந்தவரை நான் கூட்டினேன். இப்போது யார்?

போய்க் கூட்டுவாயா என்று கேட்டுவிட்டேன். "போறன் அக்கா. இப்ப ஸ்கூட்டர் ஓட விடமாட்டினம், வழுக்குமாம்."



ஏப்ரல் 22, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூர். நாத்தனார் வீட்டிலிருந்து மாமியைக் கூட்டி வந்தேன், நாளைக்குக் கண் டாக்டர். பஸ்ஸில் நசுங்கல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சாம்பல் சேதியைச் சொன்னேன்.

"எம்புள்ளய எரியுற மலைக்குக் கீழ போட்டுட்டு வந்தே. இப்ப அவன் மேல சாம்பலும் கொட்டுதாக்கும்."

"அவிய சொன்னதத்தான செஞ்சேன் மாமி!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கபர் போட்டோவை மாமி இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ராஜபாளையம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 23, வியாழன்

டாக்டர். சொட்டு மருந்து, புதுக் கண்ணாடி. மாமி இன்னும் உர்ர்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஸ்கூட்டர் ஓட விட்டுவிட்டார்களாம். மத்தியானம் வசந்தி வீடியோ கால், மையவாடியிலிருந்து. கையில் விளக்குமாறு. கபர் இருந்த இடமே தெரியவில்லை, ஒரே கறுப்பு. பின்னால் மலை, உச்சியில் புகை, ஒன்றும் நடக்காதது போல. அழுதுவிட்டேன். அந்த மலையையும் தேடுகிறது எனக்கு, அவரையும் தேடுகிறது.

மாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வசந்தி கூட்டத் தொடங்கினாள். சரக், சரக். மாமி எழுந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டினார். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏத்தா, வெளக்குமாத்தக் கீழ போடு. எம்புள்ளைக்கு வலிக்கும். கையால தள்ளு."

வசந்தி மண்டியிட்டு உட்கார்ந்தாள்.