கிளிசரினில் காணாமல் போன முட்டைகள்

ஆகஸ்ட் 19, செவ்வாய். புழுக்கம்.

உறுதியானது: ஜென்சியின் மலத்தில் புழு முட்டை இல்லை. ஆதாரம்: தனியார் ஆய்வக அறிக்கை, நேற்றைய தேதி, ஒரே வரி. எதிர்வீட்டு அமலாவின் மகள், எட்டு வயது. உடம்பில் ரத்தமே இல்லை. புழு இல்லையென்றால் சனிக்கிழமை எலும்பு மஜ்ஜை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர்.

அமலா: "இடுப்பெலும்புல ஊசி குத்துவாங்களாம் சார். இது செருப்பே போடாம சுத்திகினு கீது. புழு இல்லன்னு எப்டி சொல்றாங்கோ?"

மூக்குக்கண்ணாடி பழுது. பால் கார்டு.

20, புதன். வெயில்.

ஆய்வகம். மலத்தைச் சல்லடையில் தேய்த்து, துளையிட்ட அட்டையால் அளந்து, கண்ணாடித் தட்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் மூடி அழுத்துகிறார்கள். பழுப்பு, ஓரம் வரை பிதுங்குகிறது. அதே மேசையில் டெக்னீஷியன் பிரபுவின் வெங்காய பஜ்ஜி. பொட்டலத்தின் மேல் கழற்றிய கையுறை.

"காலைல எல்லாத்தையும் போட்டு வச்சிருவேன். சாப்ட்டு வந்து ஒரே மூச்சுல பாத்துருவேன் அண்ணாத்தே. ஊறுனாதான் தெளிவா தெரியும். மூணு வருசமா ஒரு கம்ப்ளைண்ட் இல்ல."

தரை துடைத்த அம்மாள்: "யாரு குடுப்பா, புழுவா?"

21, வியாழன். மேகம்.

மாங்காடு. ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியை. "உருண்டைப்புழு முட்டை மணிக்கணக்கா நிக்கும். கொக்கிப்புழு முட்டைக்குத் தோல் மெல்லிசு. அரை மணிக்குள்ள பாக்கணும். தாண்டினா கிளிசரின்ல கண்ணுக்கே தெரியாமப் போயிடும்." ரத்தம் குடிப்பது கொக்கிப்புழு; வெறுங்கால் வழியாக ஏறுவதும் அதுதான்.

இந்த வட்டாரத்தில் புழுத்தொல்லை குறைந்துவிட்டதாகப் போன வருடம் எங்கள் நாளிதழில் நான் எழுதினேன். ஆதாரம், இதே ஆய்வகத்தின் அறிக்கைகள். பஜ்ஜியைவிட இது அருவருப்பு. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

22, வெள்ளி. காலைத் தூறல்.

அமலாவுக்கு வேலை. புது மாதிரியை நானே எடுத்துப்போனேன். டப்பா மூடி சரியாக இறுகவில்லை, நாற்றம். கண்டக்டர்: "மடில இன்னா சார், பிரியாணியா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேராசிரியை சொன்னதைப் பிரபுவிடம் சொன்னேன். ஒரே ஒரு தட்டு போட்டார். கால் மணி கழித்துக் குனிந்தார். நிமிரவே இல்லை.

"நீங்களே பாருங்க சார்."

கொக்கிப்புழு முட்டை: மெல்லிய கோடு, உள்ளே நாலு உருண்டை. பக்கத்தில் இன்னொன்று. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"அப்ப இத்தினி நாளு 'இல்ல'ன்னு நான் எழுதுனது?" என்றார். கையை மூன்று முறை கழுவினார்.

நிலுவை:
ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். நாளை காலை ஒன்பது.
பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிடுவது பற்றி ஆய்வக உரிமையாளர். திங்கள்.
என் செய்திக்குத் திருத்தம். ஞாயிறு பதிப்பு. முதல் வரி இன்னும் வரவில்லை.