மூன்று நாள் துக்க விடுப்பு

டுலூத்
டிசம்பர் 9

அன்புள்ள கென்ட்டுக்கு,

நான் சுகம். அங்கே ஃபீனிக்ஸில் நீயும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கவேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கிறிஸ்துமஸ் வரை தாங்குவது கஷ்டம் என்றார். ஞாயிறன்று நீ போனில் பேசியது அப்பா காதிலும் விழுந்துவிட்டது, எனக்குக் காது மந்தம் என்று சத்தமாக வைத்திருந்தேன். பண்டிகை முடியும்வரை பார்சல் கிடங்கில் யாருக்கும் லீவு கிடையாது, "ஏதாவது ஆச்சுன்னா துக்க லீவு மூணு நாள் தருவாங்கம்மா, அப்ப உடனே வந்துடறேன்" என்றாய். அப்பா சிரித்தார். "பையனுக்கு லீவு கிடைக்கணும்னா நான்தான் சீக்கிரம் கிளம்பணும் போலிருக்கே மார்லிஸ்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், காட்டரிசி சூப்பைத் தொடவே இல்லை.

உன்மேல் கோபமில்லை கென்ட், கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் பொறுப்பில் இருக்கும் முதியோர் இல்லச் சமையலறையில் அக்டோபர் கடைசியில் விடுமுறைப் பட்டியலை ஒட்டிவிட்டால் பிறகு யாருக்காகவும் மாற்றுவதில்லை என்பது நான் போட்ட விதிதான், பதினாறு வருஷமாக அதில் பெருமை வேறு. போன டிசம்பரில், பாத்திரம் கழுவும் ஜோலீன் வந்து, "அம்மாவுக்கு ரொம்ப முடியலை மார்லிஸ், ரெண்டே நாள் குடுங்க" என்று கேட்டாள். "எல்லாருக்கும்தான் அம்மா இருக்காங்க" என்று சொல்லிப் பட்டியலைக் காட்டினேன். இருபத்தேழாம் தேதி அவள் அம்மா போய்விட்டாள். மூன்று நாள் துக்க விடுப்புக்கு நானே கையெழுத்துப் போட்டேன், பெரிய உபகாரம் செய்கிறவள்போல. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறை அவளுக்கு விழுந்திருந்தது. திங்கட்கிழமை அவளாகவே வந்து தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். "நீங்க வீட்ல இருங்க, நான் போய் யாரைப் பார்க்கப் போறேன்" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், அந்த மூன்று நாளை இப்போதே கேள். ஆள் உயிரோடிருக்கும்போது துக்க விடுப்பு கிடையாது என்று உன் மேலாளர் சொல்வார். முகத்தில் கோபமே இருக்காது, பட்டியலைக் காட்டுவார், எனக்குத் தெரியும். சண்டை போடாதே, கெஞ்சாதே, கிளம்பி வா. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அதுவரை இந்த வீட்டில் சோறு இருக்கிறது. இந்தக் குளிருக்கென்று புதிதாகக் கோட்டு எதுவும் வாங்கவேண்டாம், அப்பாவுடையதை விமான நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன், அவருக்கு இனி வெளியே போகிற வேலை இல்லை.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடக்கத்துக்கு நீ வராவிட்டால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், ஊரார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இப்போது வா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா மார்லிஸ்