ஐந்தாவது வரி

செல்ல மகனுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை என்ன செய்வாய் என்று பார்க்கிறேன்.

விடுதியின் ஆறு அறைகளில் ஐந்து நிரம்பிவிட்டன. ஒவ்வொரு அறையிலும் ‘இங்கே பார்க்க வேண்டியவை’ என்று அப்பா தன் கையால் எழுதி மாட்டிய அட்டை இருக்கிறதே, கலங்கரை விளக்கம், பாறைக் குளம், சிப்பிக் கடை, மாலைச் சந்தை என்று? ஐந்தாவது வரி: ‘தீவுக்குப் படகுச் சவாரி. என்னைக் கேளுங்கள்.’

எட்டு மாதமாக யார் கேட்டாலும், “இன்னைக்குக் கடல் சரியில்லைங்க” என்று சமாளித்துவந்தேன். நேற்று ஒரு வாண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, “கடல் சும்மாதானே இருக்கு ஆன்ட்டி?” என்றாள். அப்பா தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பாத அன்றும், காலையில் கடல் சும்மாதான் இருந்தது.

இன்று பேனாவை எடுத்து ஐந்து அறைகளிலும் அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் கையெழுத்தின் மேல் கோடு போட எனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. ஆறாவது அறை உன்னுடையது. அதில் நான் கை வைக்கவில்லை; அந்த வரியை நீ வந்துதான் அடிக்க வேண்டும்.

கூடப் போக வேண்டியவன் தூங்கிவிட்டான் என்று ஊர் ஆயிரம் பேசட்டும். உன்னை எழுப்ப அன்று உன் அறைக் கதவு வரைக்கும் வந்தேன்டா. “விடு, பாவம், தூங்கட்டும்” என்று என் கையைப் பிடித்துத் தடுத்தது அப்பாதான்.

உன் வரவுக்காக,
அம்மா