உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்து

அப்பா,

புது வேலைக்குச் சான்றிதழ் வாங்கப் படித்த கல்லூரிக்குப் போயிருந்தேன். எழுத்தர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "அப்பா இல்லாத பொண்ணு, நல்லா மேல வந்துட்டம்மா" என்றார். உங்கள் காசில் படித்ததாக நினைத்திருந்தேன். தகப்பனை இழந்தவர்களுக்கான உதவித்தொகையில் படித்திருக்கிறேன். விண்ணப்பத்தில் காப்பாளர் என்று சித்தப்பா பெயரில் இருப்பது உங்கள் கையெழுத்து.

போனில் கேட்டதற்கு, "ஊருல யாரு செய்யல? சும்மா விடு" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் பிசுபிசுக்கிறது.

சேமிப்பையெல்லாம் துடைத்து உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்டிவிட்டேன். ஆனாலும், உயிரோடு இருப்பதாக நீங்களே நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் கோப்பை மூடுவார்களாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக்கு வந்துவிடுங்கள்.

அம்மாவை அழைத்து வராதீர்கள். அந்த விண்ணப்பத்தில் அவளை விதவை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அதைப் பார்க்க வேண்டாம்.

உங்கள் மகள்