நடுவில் வைத்த பச்சைத் துணி

12.03.2008, புதன், இரவு

மாலையில் மாரியாயி துண்டுத்துணிப் போர்வைக்குத் தைத்த சதுரங்களைக் கடைக்குக் கொண்டுவந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தே எனக்குத் தைத்துத் தருகிறவள். சதுரத்துக்கு ஒன்பது துண்டு, தையலில் குறை சொல்ல முடியாது. நடுத்துண்டைப் பார்த்ததும் விளக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தேன். பச்சையும் மண்ணிறமும் கலந்த ஆமிச் சிப்பாய்களின் உடுப்புத் துணி. கொழும்பில் மூட்டையாக வாங்கிய வெட்டுத்துணியோடு வந்திருக்கிறது. பிரித்துப் பார்க்காமல் அப்படியே அவளிடம் கொடுத்தவன் நான்.

"இத ஏன் வெச்ச?"

"கொழுந்து மாதிரி அழகா இருந்துச்சுங்க மொதலாளி. நடுவுல எடுப்பா வைக்கச் சொன்னது நீங்கதானே?"

தமிழன் கடையில் இந்தத் துணி அகப்பட்டால் புலி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவளுக்கு விளக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன்.

"ஐயோ, மூணு நாளு வேலைங்க!" என்று கத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எம்மக கொண்டுபோன போர்வை?"

அதிலும் நடுவில் இதுதானாம். அவள் மகள் செல்வி மத்தியானம் கொழும்பு பஸ் ஏறினாள். அங்கே என் வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி மாரியாயி மடித்துக் கட்டித் தந்த அந்தப் போர்வையை, பிரித்துப் பார்க்காமல் நான்தான் அவள் கையில் கொடுத்தேன். வழியெல்லாம் ஆமி செக்பொயின்ட். அவள் போய்ச் சேர்ந்து ஏழு மணிக்கு போன் கோல் எடுத்திருக்க வேண்டும். இப்போது பத்தாகிறது.

பிடித்து விசாரித்தால் என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்றுதான் முதலில் பயந்தேன். சொல்ல மாட்டாள். பார்சல் என்றால் பஸ் கொண்டக்டர் காசு கேட்பான், யார் கேட்டாலும் உன் சொந்தப் போர்வை என்று சொல் என, படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.