எஞ்சின் ஜன்னலில் ஒரு பெண்ணை வரைந்த அய்யாவுக்கு

என்னைத் தோளில் தூக்கிவைத்து எஞ்சின் காட்டிய அய்யாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. நினைவு நாளன்று, நீங்கள் வரைந்த ரயில் படங்களையெல்லாம் சேர்த்து வண்ணம் தீட்டும் புத்தகமாக அச்சடித்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். கடைசிப் பக்கத்தில் மகள் நாலு வரி எழுத வேண்டுமாம். தம்பி செந்தில் போனில் சொன்னான், "படிக்கிறவுகளுக்குக் கண்ணு கலங்குற மாதிரி எழுதுக்கா" என்று. எனக்குக் கண் கலங்கவில்லை, அய்யா. ஆத்திரம்தான் வருகிறது. அந்த நாலு வரிக்கு முன்னால் இதை உங்களிடம் கொட்டிவிட வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரிய வேண்டும். மதுரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே காலமெல்லாம் ரயில் ஓட்டியவர் நீங்கள். ஓய்வு பெற்றபின் ஒரு துணிப்பை நிறையப் படத்தாளும் க்ரயான்ஸும் எடுத்துக்கொண்டு, இராமநாதபுரத்திலும் மண்டபத்திலும் வாரம் ஒரு பள்ளிக்கூடமாகப் போனவர். பிள்ளைகளுக்கு நீங்கள் ரயில் தாத்தா. ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது, சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவோம், பாம்பனில் காற்று கூடினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். இதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

பாம்பனில் புதுப் பாலம் வந்ததும் மண்டபத்துப் பயல் ஒருவன், "தாத்தா, இது பழைய பாலம். இது ரெண்டு கையா தொறக்கும். புதுசு லிப்ட் மாதிரி மேல போகும்" என்று உங்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்த கையோடு உட்கார்ந்து புதுப் பாலத்தை வரைந்தீர்கள். அவன் சொன்னதற்காகச் சந்தோஷப்பட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஊரில் யார் பிள்ளை சொன்னாலும் உங்களுக்குப் படத்தை மாற்ற வரும். வீட்டில் சொன்ன ஒரு சொல்லை மாற்ற மட்டும் வராது.

அந்தப் படங்களுக்கு முதன்முதலில் வண்ணம் தீட்டியவள் நான். அதை ஒரு பள்ளிக்கூடத்திலும் நீங்கள் சொன்னதில்லை. உங்கள் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, நீங்கள் டிரைவர், நான் அசிஸ்டண்ட் என்பீர்கள். தண்டவாளத்தை ஒட்டிப் போகும்போது தூரத்தில் சிக்னல் தெரிந்தால் நான் கையை நீட்டி "ஹோம் சிக்னல் மஞ்சள்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நீங்களும் கையை நீட்டி அதையே திருப்பிச் சொல்வீர்கள். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும், டிரைவர் வாயே திறக்கவில்லை என்றால் அசிஸ்டண்ட் பிரேக்கைப் போட்டுவிடலாம் என்று சொல்லித் தந்தீர்கள். வேறு வீட்டுப் பெண்பிள்ளைகள் கோலப்புள்ளி எண்ணிய வயதில் நான் சிக்னல் கூவிக்கொண்டிருந்தேன். ஆசையை உள்ளே போட்டது யார், அய்யா? நானாகவா கேட்டேன்?

பாலிடெக்னிக் முடித்து, அசிஸ்டண்ட் லோகோ பைலட் பரீட்சை எழுதித் தேறினேன். மதுரைக்கு மெடிக்கலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அய்யா, வியாழக்கெழம மெடிக்கல். நீங்களும் கூட வாரீகளா?"

குழம்பை ஊற்றிக்கொண்டே, "போக வேணாம்" என்றீர்கள்.

"ஏன்?"

"எஞ்சின்ல கக்கூஸ் கெடையாது. ராப்பகலா அடக்கிக்கிட்டு ஒக்காரணும். ஆம்பளைக நாங்க எங்கனயாச்சும் எறங்கி நின்னுக்கிருவோம். நீ என்ன செய்வ?"

"அது எம் பாடு, அய்யா."

"ஒம் பாடு இல்ல. பெத்தவன் பாடு."

அதற்குப் பிறகு எத்தனை முறை அய்யா, அய்யா என்று கூப்பிட்டிருப்பேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டீர்கள். வியாழக்கிழமை வந்தது, போனது. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர்தான். அதில்கூடக் குறை சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். இப்போது கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கக்கூஸ் இருக்கிறது.

உங்களுக்குள் வேறு காரணமும் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? பரமக்குடிப் பக்கம் ஒருநாள் நீங்கள் ஓட்டிய ரயிலின் முன்னால் ஒரு மனிதர் வந்து நின்றார். நீங்கள் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்தீர்கள், மறுபடியும் குளித்தீர்கள், அம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கிறது. தண்டவாளத்தில் ஒரு மாடு சிரித்துக்கொண்டு நிற்கிறது. கீழே, "தெரியுமா குட்டிகளே? பிரேக் போட்டாலும் ரயில் உடனே நிற்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு மாடு போதும், சரி. வளர்ந்த மகளிடம், எனக்குப் பயமாக இருக்கிறது ஆத்தா, இந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. அப்போதும் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். ஆனால் இத்தனை வருஷம் கக்கூஸை நினைத்துக் கொதித்திருக்க மாட்டேன்.

போன வாரம் அச்சகத்திலிருந்து திருத்தம் பார்க்கத் தாள்கள் வந்தன. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, நீங்கள் உயிரோடிருந்தவரை உங்கள் படங்களை ஏறிட்டும் பார்த்ததில்லை நான், வீம்பு. அம்மா பக்கத்தில் இருந்தார்கள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். எஞ்சின் ஜன்னலில் ஒரு பெண். சீருடை, தோளில் தொங்கும் பின்னல், வெளியே கையசைக்கிறாள். கீழே உங்கள் குண்டுக் கையெழுத்து: "தெரியுமா குட்டிகளே? பெண்களும் ரயில் ஓட்டுகிறார்கள். நன்றாகவே ஓட்டுகிறார்கள்."

நன்றாகவே. அந்த ஒரு வார்த்தையை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

"ஒன்னத்தாண்டி வரஞ்சிருக்காக. மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு மருகியிருக்காக, பாவம்" என்று அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறவர் என்னிடம் கேட்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் கையில் க்ரயான்ஸைக் கொடுத்து அவர்களிடம் கேட்கக் கூடாது. வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பத்து அடி தள்ளி அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன், அய்யா. கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

இது பழைய கதை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். உங்கள் பேத்தி இலக்கியா அதே பரீட்சையை எழுதித் தேறியிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை அவளுக்கு மதுரையில் மெடிக்கல். ஆனால் உங்கள் வருஷம் திரும்பும் நாள் அதற்கும் பிறகுதான் வருகிறது. துக்கம் கழியாத வீட்டில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்று செந்தில் குறுக்கே நிற்கிறான். "வருசம் திரும்பட்டும்க்கா. அடுத்த தடவ எழுதிக்கிறட்டும்" என்கிறான். மெடிக்கல் தேதி நம் வீட்டுத் துக்கத்தைப் பார்த்தா வைக்கிறார்கள்? அம்மா அவனுக்கும் ஒரு படி மேலே போய், "அவுக வேணாம்னு சொன்ன வேல அது. அவுக போயிட்டாகன்னா அவுக சொல்லும் போயிருச்சா?" என்றார்கள்.

நான் அந்தத் தாளைக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தேன். "இது யாரு சொன்ன சொல்லு? வாசிங்க" என்றேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். நன்றாகவே ஓட்டுகிறார்கள் என்பது வரை வாசித்தார்கள். பிறகு தாளை மடக்கி வைத்துவிட்டு, "அது ஊருப் புள்ளைகளுக்கு எழுதுனதுடி" என்றார்கள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. உங்களோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு உங்களைத் தெரியாதா? இலக்கியாதான் கேட்டாள், கோபமில்லாமல் கேட்டாள்: "அப்ப நான் யாரு வீட்டுப் புள்ள, அம்மாச்சி?" நீங்கள் செய்த மாதிரியே அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: "தெரியுமா குட்டிகளே? நிறைய எஞ்சின்களில் கக்கூஸ் கிடையாது. அதைக் கட்டித் தாருங்கள் என்று கேட்காமல், தன் மகளை வீட்டில் உட்காரவைத்த டிரைவர் ஒருவர் இருந்தார். இந்தப் படங்களை வரைந்தவர் அவர்தான்." செந்தில் போனை வைத்துவிட்டான். அச்சடிக்க மாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நானும் இலக்கியாவும் மதுரைக்குப் போகிறோம். உங்கள் வருஷம் திரும்பவில்லை என்று தெரிந்தேதான் போகிறோம். பாவம் என்று ஏதாவது இருந்தால் அது என் கணக்கில் சேரட்டும், அவளை ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் இருந்திருந்தால் அவள் போயிருக்க முடியாது, அய்யா. நீங்கள் இல்லை, அதனால் போகிறாள். இதை எழுதக் கை கூசும் என்று நினைத்தேன். கூசவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எஞ்சினில் ஏறி இராமேஸ்வரத்துக்கு வரும் முதல் நாளில் நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். அம்மா வராவிட்டால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வருவேன். செந்திலுக்கும் சொல்லிவிடுவேன். நல்ல காரியம் என்றால் நம் வீட்டில் உங்கள் போட்டோவையும் எடுத்துக்கொண்டுதானே போவோம். அன்றைக்கு அது சுவரிலேயே இருக்கும்.

உங்கள் மகள்,
இலக்கியாவைப் பெற்றவள்,
வள்ளி