தூரத்தில் தெரியும் பெயர்

ஆகஸ்ட் 28, வியாழன்
மாலை மழை. மாடித் துணி மறுபடி நனைந்தது. ஆவடி இனிப்புக் கடைக்கு வரையும் எழுத்துரு முக்கால்வாசி முடிந்தது. நல்ல தடிமன், உருண்டை. கோடு முடிகிற இடத்தில் குட்டிப் பாதம், அதுவும் உருண்டை. "பஸ்ல போறவன் கண்ல படணும்மா" என்றிருந்தார் கடைக்காரர். ழ மட்டும் படுத்துகிறது. சுழிக்குள் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்கிறது.

தம்பி செல்வம் வந்தான். ஞாயிறு என் மகள் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு. "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறப்ப, தெருமுனைல பேனர் இல்லாம இன்னாக்கா ஃபங்ஷன்?"

அவன் போனதும் யாழினி: "மத்ததெல்லாம் ஓகேம்மா. பேனர் மட்டும் வேணாம். ஸ்கூல் வேன் அங்கதான் நிக்கும்." சரிடி என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
தேங்காய், மஞ்சள், வாழையிலை. தையல்காரரிடம் பிளவுஸ்.

பேனர் வேண்டாம் என்று சொல்லத்தான் செல்வத்துக்கு போன் எடுத்தேன். அதற்குள் மாதிரியை அனுப்பியிருந்தான். யாழினி பெயர் நோஞ்சான் எழுத்தில், நிழல் வேறு. பொறுக்கவில்லை. என் எழுத்துருவில் பெயரை அடித்து அனுப்பிவிட்டேன். அதைப் பெரிதாக ஒருமுறை பார்க்க ஆசை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. யாழினியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
விசேஷம் முடிந்தது. சாம்பாரில் உப்பு தூக்கல், யாரும் சொல்லவில்லை. பேனர் தெருமுனையில். தாம்பூலப் பை வாங்கப் போவதாகச் சாக்குச் சொல்லிவிட்டு, மேனாம்பேடு பஸ் ஸ்டாப் வரை நடந்து திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்தே படிக்க முடிகிறது. ழ அடைக்கவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

யாழினி எந்த போட்டோவிலும் நிமிரவில்லை. வெட்கம் என்றார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்
பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் வேன் முனைக்கு வரும் முன்பே, உள்ளே இருந்த பையன்கள் அவள் பெயரைக் கோரஸாகப் படித்தார்களாம். வகுப்பிலும் அதே பேச்சு.

"மாமா சொன்னா கேக்கலடி" என்றேன். வாய் கூசவில்லை.

செல்வத்தைக் கழற்றச் சொன்னேன். "இன்னாக்கா, ஊரே பட்ச்சினு போவுது. ஒரு வாரம் இருக்கட்டுமே." முனகிக்கொண்டே கழற்றினான்.

செப்டம்பர் 3, புதன்
வெயில். தோசை தீய்ந்தது. யாழினி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாமா மேல போடாதம்மா. அது நீ வரையிற எழுத்து. டெய்லி பாக்குறேன்ல."

எனக்கும் அந்த வயதில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். எத்தனை நாள் குனிந்தே நடந்திருப்பேன். எல்லாம் தெரிந்தவள், தெரிந்தே செய்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்
கடைக்காரருக்கு எழுத்து ரொம்பப் பிடித்துவிட்டதாம். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

முனையில் இப்போது வெறும் சவுக்குக் கழிதான். ஆனாலும் யாழினி அங்கே நிற்பதில்லை. அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறுகிறாள். பையைத் தூக்கிக்கொண்டு கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வராதம்மா."